கைப்பிடியில் தொங்கிய சட்டை

என் வீட்டுக்காரர் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடுகிறவர். அவருடைய ஆரஞ்சு மேல்சட்டை கண்ணில் பட்டால்தான் டிரைவர் அண்ணன் இன்ஜினை நகர்த்துவார், மறைந்தால் நிறுத்திவிடுவார்.

இன்று வெயில் தாங்காமல் இவர் சட்டையைக் கழற்றிப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்திருக்கிறார். சட்டையைப் பார்த்த அண்ணன் இன்ஜினைப் பின்னால் எடுத்துவிட்டார். சக்கரம் உருளும் சத்தம் கேட்டு இவர் தரையோடு படுத்ததால் உயிர் தப்பியது.

வேலை முடிந்து இருவரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"நீ நிக்கிறேன்னுதான்டா நெனச்சேன்," என்று அண்ணன் சொன்னதையே சொன்னார்.

"சட்டைதாண்ணே நின்னுச்சு," என்றார் இவர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கடவுளைக் கும்பிடக் கையெடுத்தேன். பிறகு சோறு எடுத்து வைத்தேன்.

இவர் சாப்பிட உட்கார்ந்தார். வேர்வை வழிந்தது. மேல்சட்டையைக் கழற்றவேயில்லை.