நாலாம் பிறைப் பள்ளம்

ஆரணி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பன்னீர்செல்வத்துக்கு நிலாப் பைத்தியம். தறியில் குனிந்து குனிந்து கண் கெட்டவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட நேரம் போக, லென்ஸுகளைச் சேர்த்து ஒரு தொலைநோக்கி செய்திருந்தார். அதில் பார்த்ததிலேயே அவர் உயிரை வைத்திருந்தது ஒரு பள்ளத்தின் மேல். பெட்டேவியஸ் என்று பெயர். எந்தக் காலத்திலோ ஒரு பாறை வந்து மோதி உண்டானது. ஆரணியை அதன் ஒரு கரையில் வைத்தால் சென்னையும் உள்ளேயே அடங்கிவிடும். நடுவில் மலை, மலையடியிலிருந்து கரைவரை நீளமாக ஒரு வெடிப்பு.

வந்த வினை என்னவென்றால், அந்தப் பள்ளம் நன்றாகத் தெரிவது நாலாம் பிறையன்று. பௌர்ணமியில் நிழலே இல்லாமல் மழுங்கிவிடும். நாலாம் பிறையைப் பார்த்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஊரே மேற்கே திரும்பாமல் நடக்கும். இவர் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறுவார்.

1978இல், வெகுகாலம் காத்திருந்து, மனைவி சாவித்திரி முழுகாமல் இருந்தாள். ஒரு நாலாம் பிறையன்று அவளையும் மாடிக்கு அழைத்துப் போய்விட்டார்.

“வாணாங்க. அத்தைக்குத் தெரிஞ்சா பேஜாரு,” என்றாள்.

“ஒரே ஒரு வாட்டி பாரு. வெடிப்பு தெரியுதா?”

குழாயில் முகத்தை வைத்து, “தெரியுதுங்க,” என்றாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

எட்டாம் மாதமே வலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோயும் பிள்ளை செத்துத்தான் பிறந்தது. “பார்க்கக் கூடாதத பார்க்க வெச்சு புள்ளையத் தின்னுட்டியேடா,” என்று அவருடைய அம்மா கிருஷ்ணம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். ஊரும் அதையே சொன்னது. அதுவரை விஞ்ஞானம் பேசியவர்தான். ஆனால் செத்த பிள்ளையைக் கையில் வாங்கியவனுக்கு எந்த விஞ்ஞானம் நிற்கும்? அவரும் நம்பிவிட்டார். தொலைநோக்கியைக் கிணற்றில் போட்டார். வேறு பிள்ளையும் வரவில்லை. “என்ன மன்னிச்சிடு,” என்று அவர் அழும்போதெல்லாம் சாவித்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

1986இல் கிருஷ்ணம்மாள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் வந்தவாசி பஸ் ஏறிய மாலை, சாவித்திரி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கி நான் பார்க்கவே இல்லீங்க. பயந்துகினு கண்ண மூடிகினேன். உங்க மனசு நோவக் கூடாதுன்னு தெரியுதுன்னேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா பழி எம்மேல வந்திருக்கும். வயித்துல புள்ள தங்காதவன்னு சொல்லி, அத்தை உங்களுக்கு வேற பொண்ணு பார்த்திருப்பாங்க.”

பிள்ளையைத் தான் கொல்லவில்லை என்று முதலில் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு, இத்தனை வருஷம் தான் அழுததை இவள் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாளே என்பது உறைத்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அதன் பிறகு அவர் வீட்டில் படுக்கவே இல்லை.