சத்தம் நின்றால் கரையேற வேண்டும்

பரமத்தி வேலூரில், காவிரியை ஒட்டிய ஒரு வீட்டில் நாங்கள் பொருத்திய ரேடியோப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது. ஆற்றின் மேற்புறம், எடப்பாடிப் பக்கம் கரையோரத்தில் விசைத்தறி வைத்திருக்கும் எங்கள் நண்பர், நீர் ஏறுவதைக் கண்டால் தம் ரேடியோவிலிருந்து ஒரு செய்தி அனுப்புவார். இடையிலுள்ள பாறைக் குன்றான கரட்டின் உச்சியில் நிற்கும் எங்கள் இன்னொரு ரேடியோ அதை வாங்கித் தெற்கே தள்ளும். வேலூர்ப் பெட்டி அலறும். அந்த வீட்டு அம்மா கரைக்கு ஓடித் தகரத்தைத் தட்டுவார். ஆற்றின் நடுத்திட்டில் ஆடு மேய்க்கும் அவர் கணவர் மந்தையோடு கரையேறிவிடுவார்.

செல்பேசிக்கு அரசின் வெள்ள எச்சரிக்கை வருவதுண்டு. ஆனால் கணவர் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்குவார். காற்றுக் காலத்தில் மின்சாரம் போனால் கரையிலுள்ள டவரும் அடங்கிவிடும்.

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் எங்களைப் போன்ற சிலர் அமைத்த வலை அது. எழுத்துகளைச் சிறு பொட்டலங்களாக்கி அலையில் அனுப்புவதால் பாக்கெட் ரேடியோ என்று பெயர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை நடத்தும் நண்பர், சென்ற ஆண்டு அதனுடன் இன்டர்நெட்டையும் இணைத்தார். செய்தி எந்த வழியில் வந்தாலும் பெட்டி அலறும்.

“ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு ரெண்டு கால்ல நிக்கலாமுங்க” என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் எந்தக் காலில் நிற்கிறோம் என்பது அதன்பின் எங்களில் எவருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்த ஆடியில் மேட்டூர் நிரம்பிக்கொண்டிருந்தது. காற்று தென்னை மட்டைகளை முறித்துப் போட்டது. இன்டர்நெட்டைச் சிறிது நேரம் துண்டித்துவிட்டு ரேடியோவை மட்டும் சோதிக்கலாம் என்றேன்.

“ஓடற வண்டியில டயரக் கழட்டிப் பாக்கோணுங்கறீங்க. படிச்சவங்க ரோசனையே தனிதான்” என்று பட்டறைக்காரர் சிரித்தார். ஆனாலும் என்னோடு வேலூருக்கு வந்தார்.

அந்த வீட்டில் இன்டர்நெட் ஒயரை நானே கழற்றினேன். தறிக்காரர் செய்தி அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். பெட்டி அலறவில்லை. மறுபடி அனுப்பினார். பட்டறைக்காரர் ஆன்டெனா ஒயரை இழுத்துப் பார்த்தார். தறிக்காரர் இன்னும் பலமுறை அனுப்பினார்.

“ஏஞ்சாமி, கத்தவே மாட்டேங்குது?” என்று அந்த அம்மா கேட்டார். அவர் கணவர் அப்போதும் திட்டில்தான் இருந்தார்.

ஒயரை மீண்டும் செருகினேன். இன்டர்நெட்டில் தேங்கியிருந்த செய்திகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ, பெட்டி நிறுத்தாமல் அலறியது. சோதனை என்று தெரிந்திருந்தும் அந்த அம்மாவின் கை தகரத்தைத் தேடிப் போயிற்று.

அன்றே கரட்டில் ஏறினோம். ரேடியோ இருந்த இரும்புக் கூண்டின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. கதம்பச் சரம் வெறும் நாராகத் தொங்கியது. சுவிட்ச் கீழே இறக்கப்பட்டிருந்தது.

பட்டறைக்காரர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஆயுத பூஜையன்று மிஷின்களை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்து, மறுநாள் வரை தொடாமல் விடுவது பட்டறை வழக்கம். அந்த மரியாதையை அவர் சென்ற ஆண்டு கரடு ஏறி வந்து ரேடியோவுக்கும் செய்திருந்தார். மறுநாள் மேலே ஏற அவருக்கு வாய்க்கவில்லை. பிறகு அது நினைவிலிருந்தே நழுவிவிட்டது.

“செய்திதான் அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சுங்களே!” என்றார். குரலில் கேலி இல்லை.

ஐப்பசி மழையிலும் சித்திரைக் காற்றிலும் அந்தக் குடும்பத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே எங்கள் ரேடியோ இருந்ததில்லை. எந்தக் காற்றில் மின்கம்பி அறுந்து டவர் அடங்குமோ அதே காற்றில் அறுந்துபோகக்கூடிய ஒன்றுதான் இருந்தது. இன்டர்நெட் கெட்டுப்போகும் என்பதைவிட, அது நன்றாக இருக்கும்வரை மற்றொன்று செத்துக்கிடப்பதை மறைத்துவிடும் என்பதே எனக்கு அச்சமூட்டியது.

மாதக்கணக்கில் சும்மா கிடந்து பேட்டரி செத்திருந்ததால், பட்டறையிலிருந்து வேறு கொண்டுவந்து ரேடியோவை எழுப்பினோம். அந்த வீட்டுப் பெட்டியிலிருந்து இன்டர்நெட்டை நிரந்தரமாக நீக்க வேண்டும் என்று வாதிட்டேன். பட்டறைக்காரரே அந்த ஒயரைக் கழற்றினார். கரட்டிலிருந்து சற்றைக்கொருமுறை ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி வரும்படி அமைத்தோம். அது வரும்வரை வழி உயிரோடு இருப்பதாகப் பொருள்.

“அது நின்னு போச்சுன்னா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“தண்ணி வருதுன்னே வச்சுக்கிட்டுத் தகரத்தைத் தட்டிருங்கம்மா” என்றேன்.

சில நாளில் காற்று கரட்டின் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டது. ஒலி நின்றது. அந்த அம்மா தகரத்தைத் தட்டினார். ஆடுகள் பாதி வயிறோடு கரையேறின. தண்ணீர் வரவில்லை. பழுதைச் சரிசெய்வதற்குள் இன்னொரு முறையும் அப்படி ஆயிற்று.

நான் போனபோது கணவர் வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார்.

“இவ தகரந்தட்டியே என்னையப் பாத்து ஊரு சிரிக்குதுங்க” என்றார்.

“சிரிச்சாச் சிரிக்கட்டும், ஆளு இருந்தாத்தான சிரிப்பாங்க?” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். “நாளைக்கும் சத்தம் நின்னா மறுக்காவும் ஓடி வரோணுங்களா?”

“வரணுங்க. நின்னதுக்கு என்ன காரணம்னு இங்கிருந்து கண்டுபிடிக்க முடியாதுங்க.”

அவர் தலையசைத்தார், அது சம்மதமா என்று எனக்கு விளங்கவில்லை. இன்டர்நெட் இருந்தபோது அவர் தம்மை அறியாமல் ஆபத்தில் இருந்தார். இப்போது அதை அறிந்தே சலித்துப்போகிறார். மேட்டூரில் உபரிநீர் திறக்கப் போவதாக அன்று காலையே பேச்சு எழுந்திருந்தது. ஆற்றின் நிறம் செம்மண்ணாக மாறி, ஓரங்களில் நுரை ஒதுங்கத் தொடங்கியிருந்தது. ஓரிரு நாள் கரையிலேயே மேய்க்கலாமே என்றேன்.

“கரையில என்னங்க இருக்குது? புல்லு திட்டுலதானுங்க இருக்குது” என்று சொல்லிவிட்டு, அவர் ஆடுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.