சிலுவை போடாத முகவரி

எங்கள் பங்குக் கோவிலுக்குச் சொந்தமாக ஒரு மெயில் சேர்வர், அதாவது மின்னஞ்சல்களை அனுப்பி வாங்கும் கணினி, வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். துறைமுகத்தில் கணினிப் பகுதியில் வேலை செய்கிறவன் என்பதால் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. கோவில் கடிதங்களை யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெட்டியில் வைப்பது வெட்கக்கேடு என்று பங்குச் சபையில் முழங்கினேன். பங்குத்தந்தை ஒன்றும் பேசாமல் தலையாட்டினார். அவருக்கு அன்று பல்வலி என்று பிறகு தெரிந்தது.

பங்குப் பணிமனையில், ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்த அலுமாரிக்குப் பக்கத்தில் சேர்வரை வைத்தேன். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு திருவிழா வந்தது. கொடியேற்றத்துக்கு முன் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அழைப்பு அனுப்புவது வழக்கம். பணிமனையைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ரீச்சர் அதை ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து இரண்டு வாரம் அனுப்புவார். நான் அவருடைய பட்டியலை வாங்கி, ஒரே அழுத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

அடுத்த வாரம் உப்புவெளியில் இருந்து ஒரு தாய் வந்தார். மகளுக்குக் கனடாவில் திருமணம், இன்னும் பத்து நாள். அவள் இதுவரை மணமாகாதவள் என்று எங்கள் பங்கில் இருந்து கடிதம் போனால்தான் அங்குள்ள குருவானவர் மணம் செய்துவைப்பார். கடிதத்தை மெயிலில் அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. ரீச்சர் தன் சொந்த முகவரியில் இருந்து அனுப்பிப் பார்த்தார். கோவில் முகவரியில் இருந்து வந்தால்தான் ஏற்போம் என்று கனடாப் பங்கு பதில் போட்டது. தபாலில் போட்டால் கலியாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும்.

தாய் தினமும் காலையில் வந்து கதிரையில் அமர்ந்தார்.

“தம்பி, போயிட்டுதோ?”

“இன்னும் இல்லையம்மா. லைன் பிழை.”

லைனில் பிழையே இல்லை. அமைப்புகளை மாற்றினேன், கடிதங்களுக்கான டிஜிட்டல் கையொப்பத்தைப் புதுப்பித்தேன், இணைய இணைப்புக் கம்பனிக்காரரோடு சண்டை பிடித்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் என் அண்ணாவின் முகவரிக்கு ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். அண்ணா நோர்வேயில் இறந்து நான்கு வருடமாகிறது. உயிரோடு இருந்த காலத்தில், துறைமுகத்தில் இருந்து நான் சோதனை அனுப்பினால், “வந்திட்டுது, உனக்கு வேற வேலை இல்லையோ” என்று உடனே பதில் போடுவார். அவருக்கே அனுப்பிப் பழகிவிட்டது. ஊர் உலகமெல்லாம் என் கடிதங்களைத் திருப்பி அனுப்பிய நாட்களிலும் அந்தப் பெட்டி மட்டும் ஒன்றையும் திருப்பவில்லை. ஆகவே என் சேர்வர் சரி, உலகம்தான் பிழை என்று முடிவு கட்டினேன்.

நான்காம் நாள்தான் திரும்பி வந்த கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்தேன். குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் என்று உலகமெல்லாம் மறிக்கும் பட்டியலில் எங்கள் கோவில் இருந்தது. அந்தப் பட்டியலைப் போடுகிறவர்கள் கைவிடப்பட்ட பழைய முகவரிகளைப் பொறியாக வைத்திருக்கிறார்களாம். அவற்றுக்குக் கடிதம் போடுகிறவன் பிடிபடுவானாம். நான் ரீச்சரின் பட்டியலைத் திறந்தேன். பல பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை இருந்தது.

“இதென்ன ரீச்சர்?”

“செத்த ஆக்கள். கார்த்திகை மாச ஆத்துமாக்கள் பூசையில பேர் வாசிக்கிறதுக்கு வச்சிருக்கிறன். ஐயோ, அவையளுக்கும் அனுப்பினனீங்களோ?”

“நான் பக்தியான ஆக்கள் எண்டு நினைச்சன்.”

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிலுவை போட்ட முகவரிகளை எல்லாம் சேர்வரில் இருந்து நீக்கினேன். எங்களை விடுவிக்கும்படி பட்டியல்காரர்களுக்கு மன்னிப்போடு எழுதினேன். மறுத்துவிட்டார்கள். குற்றம் இன்னும் தொடர்கிறது, கடைசியாக இன்று காலை பத்தே காலுக்கு நடந்தது என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சேர்வரின் பதிவைப் பார்த்தேன். பத்தே காலுக்கு வெளியே போனது ஒரே ஒரு கடிதம். அண்ணாவுக்கு நான் அனுப்பிய சோதனை. அவருடைய பெட்டியும் இப்போது ஒரு பொறி.

ரீச்சர் பின்னால் வந்து நின்றார்.

“உங்கட அண்ணாவுக்கு மட்டும் நான் சிலுவை போடேல்ல. நீங்கள் போடுவியள் எண்டு விட்டிட்டன்.”

அழுகை வந்தது. சேர்வரைச் சோதிக்கத்தான் அவருக்கு எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தது பொய். பதில் வருமா என்றுதான் பார்த்தேன். கதிரையில் இருந்த தாய் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் தந்தார். அவருடைய மகளின் கலியாணத்தை நான்தான் ஒவ்வொரு காலையும் மறித்துக்கொண்டிருந்தேன். ரீச்சரின் பட்டியலில் அண்ணாவின் பெயரைத் தேடிச் சிலுவை போட்டேன். சேர்வரில் இருந்தும் முகவரியை நீக்கினேன்.

மறுபடி எழுதினேன், அடுத்த நாள் எங்களை விடுவித்தார்கள். கடிதம் போனது, கனடாவில் கிடைத்தது என்றும் பதில் வந்தது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் எதுவும் செய்யவில்லை.

“இனிச் சோதனைக் கடிதம் ஆருக்கு அனுப்புறது ரீச்சர்?” என்று பகிடியாகக் கேட்டேன்.

“எனக்கு அனுப்புங்கோ.”

அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில், என் கடிதத்தின் இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்தி, அடுத்த அறையில் இருந்து பதில் போட்டிருந்தார். நான்கு வருடத்தில் என் சோதனைக் கடிதத்துக்கு வந்த முதல் பதில் அது.