பாகினத்துக்குக் காத்திருந்த ஏரி

வெள்ளத்தை வேடிக்கை பார்க்கக் கூடுகிறவர்களை நான் எக்காலத்திலும் மதித்ததில்லை. அன்று காலை ஜோகுபாளையத்திலிருந்தும் பழைய மதராஸ் சாலையிலிருந்தும் எங்கள் ஏரிக்கரைக்கு வந்து குவிந்த கூட்டம் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வேர்க்கடலைத் தோலைத் தண்ணீரிலேயே உமிழ்ந்துகொண்டு நின்றது. அந்தக் காட்சியை இந்த வயதிலும் நான் மன்னிக்கவில்லை.

தண்ணீரும் அந்தக் கூட்டத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. பெருமழையில் பொங்கும் நீர் என்றால் தெளிந்தோ செந்நிறமாகவோ இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் தண்டு எனப்படும் பட்டாளப் பகுதியின் சாக்கடைகளைப் பார்த்திராதவர்கள். குதிரை லாயங்களின் சாணமும், உணவு விடுதிகளின் எச்சில் இலைகளும், எவர் தலையிலிருந்தோ உதிர்ந்த மயிர்க்கற்றைகளும் கலந்து, கஞ்சியைப்போல் தடித்து, எங்கள் தெருவின் தாழ்ந்த முனையில் அது ஏறிக்கொண்டிருந்தது. என் வீடு மேட்டில் இருந்தது, கல்லால் கட்டப்பட்டது. எனக்கு நேர்ந்தது நாற்றம் மட்டுமே.

தாழ்ந்த முனையின் கடைசி வீடு பச்சை மண்சுவரால் ஆனது. பட்டாளத்து வாத்தியக் குழுவில் இருந்து இறந்துபோன ஒரு கத்தோலிக்கருடைய மனைவி அதில் தனியாக வசித்தார். தேவாலயத்துக்குச் செல்லும் பெண்களுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக் கண்ணியமாகப் பிழைத்தவர். அந்த வீட்டைத் தவிர அவருக்கு வேறு ஆதாரம் கிடையாது. தண்ணீர் அதன் பின்சுவரைத் தொட்டுவிட்டிருந்தது. பச்சை மண் ஊறினால் என்னவாகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் காரணம் மழை என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடுவதற்கென்று கரையின் மறுகோடியில் கற்களை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். அதைக் கோடி என்போம். பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வருடம் ஏரி நிறையும் அறிகுறி தெரிந்ததும், ஊர்ப் பெரியவர்கள் என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்ட சிலர் கூடிப் பேசினார்கள். அவர்களுக்குத் தலைவர் கட்டடக் கண்டிராக்டர் ஒருவர். ஏரி நிறைந்தால் அதைச் சுமங்கலியாகப் பாவித்து, முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், தானியம் வைத்துப் பாகினம் விடுவது இந்நாட்டு வழக்கம். வழக்கத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒரு பெரிய அதிகாரி தம் மனைவியுடன் வந்து பாகினம் விடும் அந்தக் கணத்திலேயே ஏரி வழிய வேண்டும் என்று இவர்கள் ஆசைப்பட்டார்கள். ஆகவே கோடிக் கற்களின் இடைவெளிகளைக் களிமண்ணாலும் வைக்கோலாலும் அடைத்து வைத்தார்கள். அதற்குள் மழை வலுத்தது. வெளியேற வழியில்லாத ஏரி, தன்னில் வந்து விழும் சாக்கடைகளையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் ஏறியது. அதிகாரி இன்னும் வரவில்லை.

நான் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து கோடிக்குச் சென்றேன். அந்த அம்மையாரும் பின்னாலேயே வந்தார். பந்தலின் கீழ் கண்டிராக்டர் சந்தனம் பூசிய கையோடு உட்கார்ந்திருந்தார்.

"அடைப்பை எடுக்கச் சொல்லுங்க. அங்கே வீடு கரையுது" என்றேன்.

"ஏன் சார் பேஜார் பண்றீங்க? ஐயா புறப்பட்டாச்சாம். கொஞ்சம் சும்னே இருங்க. இப்போ தொறந்துட்டா அவர் வரும்போது என்னத்தைக் காட்டறது, சேத்தையா?"

கூட்டத்திலிருந்த ஒரு ஜட்கா வண்டிக்காரன் உரக்கச் சொன்னான்: "ஏரிக்குப் பூட்டுப் போட்டுட்டு சாவிய தொரை கையில குடுத்துட்டாங்கடா!" எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனும் நகரவில்லை.

அம்மையார் கண்டிராக்டரைப் பார்த்து, "அண்ணா, என் சுவர் ஊறிப்போச்சு. நீங்க கட்டடம் கட்டறவரு, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும்மா, தெரியும். முதல்ல நீ அந்தக் கல்லுப் பக்கம் போகாம தள்ளி நில்லு. இன்னிக்குப் பாகினம். தாலி அறுத்தவ கோடியில நிக்கலாமா?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. பாகினத்துக்கென்று வரவழைத்திருந்த புரோகிதர் ஆமோதித்துத் தலையசைத்தார். அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பந்தல்கால் நடக் கொண்டுவந்து போட்டிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகக் கோடிக் கல்லின் மீது ஏறினார்.

"ஏய், பிடிங்கடா அவளை!" என்று கண்டிராக்டர் எழுந்தார். நான் கரையின் குறுகிய பாதையில் அவருக்கு எதிரே நின்றுகொண்டேன்.

"சார், நகருங்க. செக்ரடேரியட்டுல உத்தியோகம் பாக்கறவர் நீங்க. உங்க மேலதிகாரி காதுல இது விழுந்தா நல்லா இருக்காது."

"தாராளமா சொல்லுங்க. என் பேரையும் உத்தியோகத்தையும் தப்பில்லாம சொல்லுங்க. ஒரு பெண் மேல கை வைக்க வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் மேலே வரவில்லை. என் பின்னால் இரும்பு களிமண்ணில் இறங்கும் ஓசை கேட்டது. ஓர் இடைவெளி திறந்ததும் நீரே மற்ற அடைப்புகளைப் பிடுங்கியெறிந்தது. அம்மையார் முழங்கால்வரை சேறாகக் கரையேறி, கடப்பாரையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டை நோக்கி விரைந்தார். புரோகிதர் அவசர அவசரமாகக் கற்களின்மேல் மஞ்சள் நீர் தெளித்தார்.

சிறிது நேரத்தில் அதிகாரியின் மோட்டார் வந்தது. கண்டிராக்டர் ஓடிக் கதவைத் திறந்து, "ஐயா வண்டி திரும்பினதுதான் தாமதம், கங்கம்மா தானாவே கோடி விட்டுட்டா!" என்றார். அதிகாரி மகிழ்ந்தார். அவர் மனைவி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு முறத்தை நீரில் விட்டார். அது எச்சில் இலைகளோடு சேர்ந்து போயிற்று. வேர்க்கடலைக் கூட்டம் கைதட்டியது. இதற்குமேல் அங்கே நிற்க என் தன்மானம் இடம் தரவில்லை.

தண்ணீர் மளமளவென்று வடிந்தது. ஆனால் ஊறிய மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்ததும் அந்தத் தண்ணீர்தான் போலும். அது விலகிய பிற்பகலில் பின்சுவர் அப்படியே மண்டியிட்டுச் சரிந்தது. கூரையின் பாதி அதன்மேல் விழுந்தது. தையல் இயந்திரத்தை மட்டும் நானும் என் வேலையாளும் முன்னதாகவே வெளியே எடுத்திருந்தோம்.

மறுநாள் கண்டிராக்டர் பார்வையிட வந்தார். அம்மையார் முன்னறையில் கோணிப்பைகளைத் தைத்து, இல்லாத சுவருக்குத் திரை செய்துகொண்டிருந்தார். கண்டிராக்டர் வாசலில் நின்றபடியே, எனக்குச் சொல்லுவதுபோல், "நல்லவேளை சார், முன்சுவர் நின்னுடுச்சு. ஐயாவோட வண்டி இப்படித்தான் திரும்பிப் போச்சு. ரோட்டுல போறவங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார்.

"ரோட்டுல போறவங்களா அண்ணா இந்த வீட்டுல குடியிருக்காங்க?" என்று ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் அம்மையார்.

 கண்டிராக்டர் தம் செருப்பில் அப்பியிருந்த ஏரிச் சேற்றை அந்த வாசற்படியின் விளிம்பிலேயே வழித்துத் தேய்த்துவிட்டு, அடுத்த வீட்டைப் பார்க்கப் போனார்.