முதல் பரிசுச் சட்டை

ஊசியில் நூல் கோக்கும்போது பச்சையம்மா கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டாள். நூல் நுனியை நாக்கில் நனைத்து இரண்டு விரலால் நெரித்துப் பிடிப்பாள். பிறகு நூலை அசைக்காமல் ஊசியை அதன்மேல் கொண்டுவருவாள். "நூலைத் தள்ளாத. ஊசியை நூலுக்கு மாட்டிவுடு," என்பாள். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் பதினோரு பிள்ளைகளும் நாக்கை நீட்டிக்கொண்டு அதையே செய்யப் பார்ப்பார்கள்.

அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் பீர்க்கன்கரணையில் அவள் வீட்டு முன்னறை இப்படி ஆகிவிடும். மற்ற நாட்களில் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிற அறை. மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பத்து நாள் வகுப்பு. கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து பழைய துணி கொண்டுவந்தால் போதும். மார்கழி பிறந்ததுமே தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பாள். "போகியில கொளுத்தறத என்னாண்ட குடுத்துடுங்க. புகையாப் போறது பையாப் போவட்டும்."

லுங்கியில் சுருக்குப்பை. புடவைக் கரையில் வாசல் தோரணம். வெட்டுத்துணியில் நட்சத்திரம். ஜோடி தொலைந்த காலுறையில் அரிசியை அடைத்து, நடுவில் நூல் கட்டி, இரண்டு பித்தான்களைக் கண்ணாக வைத்தால் பனிமனிதன். பச்சையம்மாவுக்குப் பனி தெரியாது. அதை அவள் வெள்ளைப் பிள்ளையார் என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாக்களும் வந்து பாயில் உட்காருவார்கள்.

எல்லாவற்றிலும் சுலபமானது மூன்றாம் நாள் பாடம். அப்பாவின் பழைய சட்டையைப் பித்தான் போட்டுத் தரையில் விரித்து, முன்னும் பின்னும் சேர்த்துச் சதுரமாக வெட்ட வேண்டும். உள்புறம் வெளியே இருக்கும்படி வைத்து நான்கு பக்கமும் தைத்துவிட்டு, பித்தான்களைக் கழற்றிப் புரட்டினால் தலையணை உறை. இந்த முறை தேவதர்ஷினி என்ற பெண் பித்தான்களோடு வெகுநேரம் மல்லாடினாள்.

"இன்னாக்கா, கையே வர மாட்டேங்குது?"

"ஆம்பள சட்டைக்கு பட்டன் வலது பக்கம். நம்புளுதுக்கு இடது பக்கம். கை மாறும்."

"அவங்களுக்கு மட்டும் எல்லாத்துலயும் வேற ரூல்."

அம்மாக்கள் சிரித்தார்கள். பச்சையம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் வாயை மூடிக்கொள்வாள், பல்லில் கடித்த நூல் விழாமல்.

அவளிடம் சில விசித்திரங்கள் உண்டு. இந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். சென்ற வருஷம் ஏழாம் வகுப்பு. அதற்கு முன்பு ஆறு. தங்கையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் முடியாது என்றுவிடுவாள். முதல் நாள் எல்லோருக்கும் ஏப்ரன் தைக்கப்போவதாகச் சொல்லி அளவு எடுப்பாள். ஐந்து வருஷமாக ஒருவருக்கும் ஏப்ரன் வந்ததில்லை. பெண்களுக்கு நாடாவைச் சும்மா வைத்து எடுத்துவிடுவாள். பையன்களின் தோள், மார்பு, கைநீளம் மட்டும் நோட்டில் ஏறும். பிறகு அவர்களை உயரவாரியாக நிற்கவைத்து, நெட்டையும் இல்லாத குட்டையும் இல்லாத ஒருவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் பரிசு எப்போதும் ஒரு முழுக்கைச் சட்டை. நடுவில் நிற்கிற பையனுக்கே அது போகும். போகியன்று சாயங்காலம் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பொங்கலுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. இந்த வருஷம் சூர்யாவுக்கு.

"அவன் ஸ்டாரைப் பாருக்கா, ஒரு முனை தொங்கிக்கினு கீது. அவனுக்கு பிரைஸா?" என்றாள் தேவதர்ஷினி.

"தொங்கினாலும் நட்சத்திரந்தான். போ."

பச்சையம்மாவின் மகன் குமரவேல் இரண்டாம் வகுப்பு படித்தான். பள்ளி வரிசையில் நடுவில் நிற்பான். ஆறு வருஷத்துக்கு முன், மழை விட்ட மறுநாள், இரண்டு தெரு தள்ளி யாரோ வீடு கட்டத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றிருந்தது. முதலில் அதில் மிதந்த அவன் செருப்பைத்தான் பார்த்தார்கள். அப்பா லோகநாதனுக்குப் பெருங்களத்தூரில் கம்பி, சிமென்ட் கடை. அந்த வீட்டுக்கும் அவர் கடையிலிருந்துதான் சிமென்ட் போனது. வீடு இப்போது இரண்டு மாடி.

இறந்தவர்களுக்குப் போகியன்று புதுத்துணி வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். படைத்த துணியை வீட்டில் உள்ள யாராவது மறுநாள் உடுத்த வேண்டும். உடுத்தினால்தான் போய்ச் சேரும். முதல் படையலுக்குப் பச்சையம்மா மகனின் பழைய அளவிலேயே ஒரு சட்டை தைத்து வைத்தாள். அதை உடுத்த வீட்டில் வேறு பிள்ளை இல்லை. மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது. பொங்கல் முடிந்து நான்கு நாள் கழித்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கணவனிடம் சொன்னாள்: "ஒரு வருஷம் ஆச்சே. அவனுக்கு அது பத்தாதே."

அடுத்த டிசம்பரில் வகுப்பு தொடங்கியது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.

லோகநாதனுக்கு முதல் வருஷமே புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. துணி வெட்டும்போது மட்டும் எதிரே வந்து நிற்பார். "வளர்றது அவன் இல்ல, பச்ச. உன் பைத்தியம்."

"அப்ப அதுக்கும் சேத்து மூணு மீட்டரா எடுத்துக்கினு வா."

நான்கு வருஷம் அவள் கவனமாக இருந்தாள். படையல் முடிந்ததும் சட்டையை மாடிக் கொடியில் போட்டுச் சாம்பிராணி வாசனை போக உதறுவாள். இஸ்திரி போட்டுப் புது கவரில் வைப்பாள். வாங்கிய பையன்கள் பொங்கலன்று தெருவில் போவதை வாசலில் நின்று பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். முதுகுப்பக்கம் தோள்தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

இந்த முறை கை தப்பியது. இலைக்கு முன்னால் சட்டையை வைக்கும்போது, சொந்தப் பிள்ளையின் புதுத்துணிக்குச் செய்வதுபோல, காலரின் உள்பக்கம் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டாள். அதை அவள் அறியவில்லை.

பொங்கலன்று காலை. வாசலில் மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றியிருந்தார்கள். லோகநாதன் குந்தி உட்கார்ந்து அடுப்பில் தென்னை மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். சூர்யாவின் அம்மா கோகிலவாணி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கோலத்தைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. கையில் கவர்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. இது படைச்ச துணியா?"

"புதுத்துணி. நானே தெச்சது."

"புதுசுன்னு தெரியுது. நான் இன்னும் மஞ்சளே வைக்கல. யார் வச்சது?"

பச்சையம்மா கவரை வாங்கிக் காலரைப் புரட்டிப் பார்த்தாள். விரல் நுனி அளவு மஞ்சள்.

"வருஷா வருஷம் இதைத்தான் செஞ்சீங்களா? போன வருஷம் வாங்கின பையன் டைபாய்டுல இருபது நாள் கிடந்தானே. அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு நல்லாயிடுச்சே."

"நல்லாகாம போயிருந்தா? கண்ணாடி முன்னாடி நின்னுகிட்டு, சூப்பரா இருக்கும்மான்னான் என் புள்ள. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. உங்க புள்ள போயிட்டான்னா நாங்க எல்லாம் வருத்தப்பட்டோம்க்கா. அதுக்காக எங்க புள்ளைங்களை எடுத்துப்பீங்களா?"

லோகநாதன் எழுந்து, "யம்மா, பண்டிகை நாளு," என்றார். திரும்ப உட்கார்ந்தார்.

"எடுத்துக்கலம்மா," என்றாள் பச்சையம்மா. "போட்டுக்கிட்டா அவனுக்குப் போய்ச் சேரும். அவ்ளோதான்." பிறகு கேட்டாள்: "அளவு சரியா இருந்துதா?"

கோகிலவாணி அவளை முறைத்தாள். "கரெக்டா இருந்துச்சு," என்றாள். சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு, கவரைப் பிடுங்கித் துளசி மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். இந்த முறை கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அரைமணி நேரத்தில் போன் அதிரத் தொடங்கியது. 'லீவு கைவேலை' வாட்ஸ்அப் குழுவில் ஐந்து வருஷத்து அம்மாக்களும் இருந்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எதிர்வீட்டு வாசலில் தொங்கிய துணி நட்சத்திரத்தை ஒரு கை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த டிசம்பரில் இந்தப் பாயில் யாரும் வந்து உட்காரப் போவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் எவ்வளவு உயரம் இருப்பான் என்பதை அவள் இனி தெருவில் போகிறவர்களைத் தூர இருந்து பார்த்துத்தான் அனுமானிக்க வேண்டும்.

பானையில் பால் மேலே ஏறத் தொடங்கியது.

"பச்ச, வா. பொங்கப்போவுது."

"இன்னிக்கு யாராச்சும் போட்டாகணும்."

"எனக்கு அது பாதி முதுகுக்குக்கூட வராது," என்றார் அவர், அடுப்பைப் பார்த்தபடி. "எடுத்து உள்ள வை."

அவள் கவரிலிருந்து சட்டையை எடுத்தாள். இளநீலத்தில் மெல்லிய கோடு. உதறினாள். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் போட்டுக்கொள்வதுபோல் புடவைக்கு மேலேயே கையை நுழைத்தாள். ஒடிசலான உடம்பு அவளுக்கு. தோள்தையல் தோளில் உட்கார்ந்தது. கைப்பட்டி மணிக்கட்டில் வந்து நின்றது. பதின்மூன்று வயதில் அவன் அவளளவு ஆகியிருந்தான்.

லோகநாதன் திரும்பிப் பார்த்தார். பால் பொங்கி விளிம்பில் வழிந்து நெருப்பில் சீறியது. அவர் பொங்கலோ பொங்கல் என்று சொல்லவில்லை.

பச்சையம்மா கழுத்திலிருந்து பித்தான் போடத் தொடங்கினாள். முதல் பித்தானுக்கே கை மாறியது. கையை இறக்கிவிட்டு, மறுபடி வலது பக்கம் தேடினாள்.