சத்தம் நின்றுபோன டின்

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் காணாமல் போன வரிசையை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் வயிற்றுவலி வந்ததுதான் மிச்சம்.

சிங்கப்பூரின் வடகோடியில் செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்து வேலையாட்களுக்கென்று கட்டிய நீண்ட வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டில் வேலை. காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள்கள். மாலையில் ஊதினால் அதே சைக்கிள்கள் திரும்பி வரும், கொஞ்சம் மெதுவாக. வெள்ளைக்காரர்கள் தளத்தை மூடிவிட்டுக் கிளம்பப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட காலம் அது. பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வீட்டு வரிசைகளின் கோடியில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. அதில் சின்ன வகுப்புக்கு டீச்சர் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். வீட்டில் அத்தை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாசற்படியில் கால் வைத்த பிறகு வாய் தவறி அத்தை என்று கூப்பிட்டுவிட்டால் அவருக்குக் காது கேட்காது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் கேட்காது. அப்படி ஒரு கண்டிப்பு.

அத்தை கணக்கைக் கரும்பலகையில் ஆரம்பிக்க மாட்டார். பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய சாகா மரம் நின்றது. காய் வெடித்து, சிவப்பு மணிகள் புல்லெல்லாம் கொட்டிக் கிடக்கும். ஊரில் இதை மஞ்சாடி என்பார்களாம். ஆளுக்கொரு காலிப் பால் டின்னை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மரத்தடியில் பொறுக்கிய மணிகளில் ஒரு கைப்பிடி அதில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் பாடம் என்றால் டின்னோடு தரையில் உட்காருவோம்.

முதலில் ஒரு மணி. அதன் கீழே இரண்டு. அதற்கும் கீழே மூன்று. தரையில் ஒரு சின்னக் கூரை எழும்பும். "ஒவ்வொரு தடவையும் எது கூடுது, எவ்வளவு கூடுதுன்னு பாருங்க. பாத்தீங்கன்னா அடுத்தது என்ன வரும்னு நீங்களே வெச்சுடலாம்," என்பார் அத்தை. வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார், கையால் வைத்துக் காட்ட வேண்டும். வாய்ப்பாட்டில் நான் மகா மக்கு. இதில் மட்டும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று பார்க்கும் பைத்தியமே பிடித்துவிட்டது. அம்மா கொடியில் துணி காயப்போட்டால்கூட அடுத்தது எந்தத் துணி என்று முன்கூட்டியே சொல்லித் திட்டு வாங்குவேன்.

பாடம் முடிந்ததும் டின்களைச் சன்னலோரப் பலகையில், நாங்கள் பெஞ்சில் உட்காரும் வரிசைப்படியே வைப்போம். டாக்யார்டில் ராட்சதச் சுத்தியல் இறங்கும்போதெல்லாம் தரை அதிரும், பலகை அதிரும், டின்களுக்குள் மணிகள் மெல்லக் கிணுகிணுக்கும். யாரும் தொடாமலே. எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வந்தால் எனக்கு முதுகு சிலிர்க்கும்.

எங்கள் பெஞ்சில் நாலு பேர். சுவரோரம் ராணி, அடுத்து மணியம், அடுத்து என் உயிர்த்தோழி கோகிலா, கடைசியில் நான். ஒரே வீட்டு வரிசையிலிருந்து ஒன்றாக நடந்து வருகிறவர்கள், வந்தபடியே உட்காருவோம்.

ஒரு நாள் ராணி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் வீட்டுக் கதவில் பூட்டு. அம்மாவிடம் கேட்டதற்கு, "போறவங்களை எங்கேன்னு கேக்கக்கூடாது, போ," என்றார். எங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் உண்டு. பயணம் கிளம்புகிறவர்கள் யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், கண் பட்டுவிடும். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. அதனால் யாரும் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. நேற்று இருந்த வீடு இன்று பூட்டிக் கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்காமலே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ராணி போனதற்கு மறுநாள் மணியம் தன் டின்னைத் திறந்து, "ஏய், என் டின்ல மணி கூடிப்போச்சு," என்றான். யார் போட்டது என்று தெரியவில்லை. பலகையில் ராணியின் டின் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் காலி. கொஞ்ச நாளில் மணியம் வரவில்லை. மறுநாள் கோகிலாவின் டின்னில் முக்கால்வாசிக்கு மேல் மணி. அவளுக்கு ஒரே சந்தோஷம், பெரிய பெரிய கூரையாக வைத்துத் தள்ளினாள். நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ராணியுடையது மணியத்துக்கு, இரண்டு பேருடையதும் கோகிலாவுக்கு. அடுத்தது என்ன வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. போன பிள்ளையின் மணிகளை வீணாக்காமல் பக்கத்துப் பிள்ளையின் டின்னில் கொட்டிவிடுவது அத்தையின் வழக்கம், பள்ளி விட்ட பிறகு வகுப்பை ஒழுங்குபடுத்தும்போது செய்வார். அப்பன்மார்கள் ஒரே பகுதியில் வேலை பார்த்தவர்கள், அந்தப் பகுதியை மூடியதும் ஒவ்வொருவராகக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆனால் ஏழு வயதில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். மணி தேடி வரும், டின் நிறையும், அப்புறம் ஆள் இருக்காது.

கோகிலா வராத அன்று பள்ளி விட்டதும் நேரே அவள் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பின்பக்கச் சன்னல் மூடாமல் ஆடிக்கொண்டிருந்தது, எக்கிப் பார்த்தேன். சாமிப்படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், இன்னும் ஈரம் காயவில்லை. உள்ளே எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "கோகிலா," என்று கூப்பிட்டேன். என் குரலே அந்தப் பக்கத்து வீட்டிலிருந்தும், அதற்கடுத்த வீட்டிலிருந்தும் திரும்பி வந்தது. அந்த வரிசையில் அத்தனை வீடு காலியாகியிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்தடித்து ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் டின்னைத் திறக்கவே கை வரவில்லை. டாக்யார்டில் சுத்தியல் இறங்கியது, பலகை அதிர்ந்தது, மற்ற டின்களெல்லாம் கிணுகிணுத்தன. என்னுடையதிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. வாய்வரை நிறைந்துவிட்ட டின்னுக்குள் மணி எப்படி ஆடும்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரிடம் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் நான் மட்டும்.

அன்று மாலை பாயில் படுத்துக்கொண்டு தூங்குவதாக நடித்தேன். அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நமக்கு எழுதிப் போட்டப்பவே அவளுக்கும் சேத்து எழுதியிருக்கலாம்ல?" என்றார் அம்மா.

அப்பா தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "கல்யாணம் ஆகி இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. வர்றவன் பாத்துக்குவான்னு விட்டேன்," என்றார்.

குடியுரிமை விண்ணப்பத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எங்கள் ஆட்களில் நிறையப் பேர் அதைச் செய்தார்கள். தனக்கு எழுதினார்கள், மனைவிக்கு எழுதினார்கள், வீட்டில் இருக்கும் கன்னிப்பெண்ணை விட்டுவிட்டார்கள். அவள் வேறு வீட்டுக் கணக்கில் வரப் போகிறவளாம். எந்த வீடு, யார் வீடு என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அந்த முகம் தெரியாத மாப்பிள்ளை தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, சட்டம் வந்துவிட்டது. குடியுரிமை இல்லாதவர்கள் அனுமதிச்சீட்டு இல்லாமல் வேலை பார்க்கக்கூடாது என்றார்கள், அத்தைக்கு அது கிடைக்கவில்லை, ஊருக்குக் கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் பாயில் படுத்துக்கொண்டு, யாருக்கோ எதையோ எழுதுவதைப் பற்றி என்ன பேச்சு, இங்கே என் உயிரே போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை. நடிப்புமில்லை, நிஜமாகவே வலித்தது. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், விபூதி பூசிப் பார்த்தார். மாலை அத்தை பள்ளியிலிருந்து வந்து என் பாயில் உட்கார்ந்து, என்ன என்று கேட்டார். டீச்சராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அத்தையாகக் கேட்டார், கொட்டிவிட்டேன். ராணி, மணியம், கோகிலா, மணிகள் தேடி வருவது, என் டின் சத்தம் போடாதது எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நீ நினைப்பது தப்பு என்றும் சொல்லவில்லை. எழுந்து மறுபடி பள்ளிக்கே நடந்து போய், என் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். அலமாரி மேலிருந்த தன்னுடைய பெரிய பிஸ்கட் டின்னை இறக்கினார். பாடத்துக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த மணிகள் அதில் இருந்தன. என்னுடையதைக் கவிழ்த்து, ஒரு மணிகூட மிச்சமில்லாமல் அதில் கொட்டினார். உள்ளங்கையால் அழுத்தி மூடிவிட்டு என் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

"இப்ப யாரு டின் காலி?"

"என்னுது."

"யாரு டின் நெறஞ்சிருக்கு?"

"உங்களுது. அப்ப நீங்க, அத்தை?"

"நான் பெரியவ. நான் பாத்துக்குவேன். நீ எங்கயும் போக மாட்டே, போதுமா? எந்திரிச்சு சாப்பிடு."

அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. அத்தை சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அதெல்லாம் அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை.

அந்த வாரம் அம்மாவும் அத்தையும் பஸ் பிடித்துத் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் புடவைகளும், போர்வையும், ஒரு பச்சை நிறத் தகரப்பெட்டியும் வாங்கி வந்தார்கள். தீபாவளிக்கு என்று நானாகவே நினைத்துக்கொண்டு, எனக்கு ஏன் கவுன் இல்லை என்று ரகளை செய்தேன். அத்தை என்னை உட்காரவைத்துத் தலையைப் பின்னிவிட்டார்.

பிறகு ஒரு காலையில் வாசலில் டாக்சி வந்து நின்றது. அத்தை புதுப்புடவை கட்டியிருந்தார். அப்பா வேலைக்குப் போகாமல் தகரப்பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். அத்தை கையில் ஒரு சணல் பை, அதற்குள் பிஸ்கட் டின்னின் மூடி தெரிந்தது. அதைப் பார்த்ததும் எங்கே என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என் தோளை அழுத்தினார். கேட்கக்கூடாது. மூடிக்கொண்டேன்.

"போயிட்டு வரேன்டா," என்றார் அத்தை. குனிந்து என் கன்னத்தைத் தொட்டவர் வேகமாக நிமிர்ந்துகொண்டார். வண்டி காலி வீடுகளின் வரிசையைத் தாண்டித் திரும்பியது. எந்த வீட்டிலிருந்தும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

அப்பா பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார், தனியாக. சட்டையெல்லாம் துறைமுகத்துக் கரி. அம்மா தட்டு வைத்தார். கொடியில் அத்தையின் துணி ஒன்றுகூட இல்லை, மூன்று தட்டுதான் வைத்திருந்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா, அத்தை போனது என்னாலதான்," என்றேன்.

பிசைந்த கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். போகவேண்டியது நான் என்பதையும், என் மணிகளையெல்லாம் அத்தை வாங்கிக்கொண்டதையும், வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்பதையும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து, துடைக்காத ஈரக் கையை என் தலையில் வைத்தார்.

"நீ இல்லம்மா," என்றார். என் தட்டை என் முன்னால் நகர்த்திவைத்தார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, நான் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.