அந்தப் படத்துல அம்மா இல்ல

ஆவடி குவார்ட்டர்ஸ்ல எங்க வீட்டு ஜெப பீடத்துக்கு மேல ஒரு படம் தொங்கும். பழைய காலண்டர்லருந்து வெட்டி அம்மா கண்ணாடி போட்டது. கறுப்பு வெள்ளை, பூரா கோடு கோடா. முன்னாடி பெரிய ஆளு ஒருத்தன், சட்டையில்லாம, உடம்ப முறுக்கிக்கினு, ஒரு கன்னுக்குட்டியக் கழுத்தப் புடிச்சு இழுப்பான். யாரோ புனிதர்னு நெனச்சு தினமும் அவனுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்தினோம். நல்லா ஏத்தினோம் போ!

தொண்ணூறுகள்ல ஒரு சாயங்காலம் அன்பியக் கூட்டம் எங்க வீட்டுல நடந்துச்சு. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்க வாரம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்றது. சாமியாருக்குப் படிக்கிற பிரதர் ஒருத்தர் வந்திருந்தார். படத்தப் பாத்ததும் சிரிச்சிட்டார்.

"இவன் வேலைக்காரன்மா, கன்ன வெட்டப் போறான். பின்னாடி வாசப்படியப் பாருங்க."

அம்மா ஸ்டூல் போட்டு ஏறினா. நகம் அளவுக்கு ரெண்டு உருவம். முட்டி போட்ட பையன், குனிஞ்சு அவனக் கட்டிக்கிற அப்பன். பைபிள்ல வர்ற ஊதாரி மைந்தன் கதை, சொத்த அழிச்சிட்டுத் திரும்பி வந்த புள்ளைய அப்பன் மன்னிச்சு, கன்னுக்குட்டி அடிச்சு விருந்து வெப்பான். செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சது, நானூறு வருஷம் முன்னாடி வெள்ளக்கார ஓவியருங்க ஆளுங்கள இப்படித்தான் நீட்டி முறுக்கி வரைவாங்க, முக்கியமானத வேணும்னே பின்னாடி சின்னதா வெப்பாங்கன்னார் பிரதர். மன்னிப்பு அப்படித்தான், தேடினாத்தான் கெடைக்கும்னு வேற சொன்னார்.

அம்மா ஸ்டூல விட்டு எறங்கல. "இதுல அம்மா எங்க பிரதர்?"

"கதையில அம்மா இல்லம்மா."

"அப்போ கறிய யாரு ஆக்கினா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தி போயிருந்தா, என் அக்கா. வேற மதத்துப் பையனக் கட்டிக்கினு நெமிலிச்சேரில இருந்தா. ட்ரெயின்ல ஏறி உக்கார்றதுக்குள்ள வந்துடும். ஆனா அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டார் அப்பா. அவ திரும்ப அந்த வாசப்படி ஏறணும், அம்மாவுக்கு வேற எதுவும் வேணாம்.

கூட்டம் கலைஞ்சதும் அப்பா சொன்னார், "அந்தக் கதையில வர்ற அப்பன் நெலம் நீச்சு உள்ளவன், மானம் போனா தாங்குவான். நான் குவார்ட்டர்ஸ்ல நாலு பேர் நடுவுல குந்திகினு கீறேன்."

அம்மா கேட்டாத்தானே? அக்காவுக்குச் சொல்லி அனுப்பிட்டா. ஞாயித்துக்கெழம காலையிலயே மட்டன் அடுப்புல ஏறிடுச்சு. அப்பா சைக்கிள எடுத்தார். ஃபேக்டரில ஓ.டி.யாம். பூசைய விட்டுட்டு ஞாயித்துக்கெழம ஓ.டி. பாத்த மனுஷனா அவரு?

அக்கா கொழந்தையத் தூக்கிக்கினு வந்தா. தட்டு வெச்சதுக்கு, "அப்பா வரட்டும், சேந்து சாப்புடுறேன்"னா. அவளும் அந்த அப்பனுக்குப் பொறந்தவதானே! பொழுது சாயற வரைக்கும் கூடத்துல உக்காந்திருந்தா. அம்மா சமையக்கட்டு ஜன்னல்லயே நின்னா. கறி ஆறி, கொழுப்பு வெள்ளையா ஒறஞ்சுபோச்சு. டிபன் கேரியர்ல போட்டுக் குடுத்ததையும் அவ வாங்கல. அவ போனப்புறம்தான் சைக்கிள் பெல் கேட்டுச்சு. நகம் அளவு கூட எங்க வீட்டுல நடக்கல. கறிதான் பெருசா இருந்துச்சு.

அதுக்கப்புறம் அம்மா அவளக் கூப்பிடல. படத்துக்கு மெழுகுவத்தியும் ஏத்தல. ரெண்டு வருஷத்துல மார்ல வலின்னு படுத்தா, எழுந்திருக்கல.

அடக்கத்துக்கு அக்கா வந்தா. பொட்டி பக்கத்துல அவ அழுதுகினு இருந்தா, அப்பா செவுத்தப் பாத்து நின்னார். கல்லறையிலருந்து திரும்பினோம், அவ எங்க வீட்டு கேட்டோடவே நின்னுட்டுப் போயிட்டா.

பக்கத்து வீட்டுல சோறு ஆக்கிக் குடுத்தனுப்பியிருந்தாங்க. அப்பா தட்டுல கைய வெச்சவர் அப்படியே நிறுத்தினார்.

"அவ சாப்புட்டாளா?"

"இல்லப்பா. ட்ரெயினுக்குப் போயிட்டா."

சரின்னு தலையாட்டிட்டு சோத்தப் பெசஞ்சார். இந்த ஒரு வார்த்தைய அந்த ஞாயித்துக்கெழம கேட்டிருந்தா, அம்மா காதுல விழுந்திருக்கும்.